ஜெனீவாவில் எந்தக் கதவைத் தட்டுவது? இனப்பாகுபாடு, மதப்பாகுபாடு குறித்துச் சர்வதேச அமைப்புகளிடம் முறையிடும் வழி

தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டாலும், தலைப்பாகை அணிந்ததற்காக ஒரு மாணவர் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டாலும், பட்டவருக்கு வலி ஒன்றுதான். ஆனால் ஜெனீவாவில் இந்த இரண்டு முறையீடுகளும் ஒரே மேசைக்குப் போவதில்லை. முதலாவதை ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை அதே குழு, தன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். நியாயமான பல முறையீடுகள் சாட்சியம் போதாமல் தோற்பதைவிட, தவறான கதவைத் தட்டியதாலும் காலக்கெடுவைத் தவறவிட்டதாலும் தோற்பதே அதிகம் என்பது என் எண்ணம். பாதிக்கப்பட்டவருக்கு உதவ முன்வரும் சங்கங்கள், வழிபாட்டுத் தல நிர்வாகங்கள், நண்பர்கள் ஆகியோர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்லியிருக்கிறேன்.

கதவுகள் இரண்டான கதை

வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது கடினம். 1959-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த யூத ஆலயத்தின் சுவர்களில் ஸ்வஸ்திகா சின்னங்கள் வரையப்பட்டன. அடுத்த சில வாரங்களில் அதுபோன்ற யூத வெறுப்புச் சம்பவங்கள் பல நாடுகளில் நடந்தன. ஐ.நா. இதற்கு எதிராக ஓர் உடன்படிக்கையை உருவாக்க முனைந்தபோது, இனமும் மதமும் சேர்ந்த ஒரே ஆவணமாகவே அது இருந்திருக்க வேண்டும். யூத வெறுப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பனிப்போர் அரசியலும் மத்தியக் கிழக்கு அரசியலும் குறுக்கிட்டதால், 1962-இல் பொதுச்சபை இந்தப் பணியை இரண்டாகப் பிரித்தது. இனத்துக்கு ஓர் ஆவணம், மதத்துக்கு வேறோர் ஆவணம் என்று முடிவாயிற்று.

இனத்துக்கான ஆவணம் விரைவாகவே உருவாயிற்று. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் புதிதாக விடுதலை பெற்று ஐ.நா.வுக்குள் வந்திருந்த காலம் அது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிரான சினம் அவர்களை ஒன்றுசேர்த்திருந்தது. அனைத்து வகையான இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1965 டிசம்பர் 21 அன்று நிறைவேற்றப்பட்டு, 1969 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்க 18 நிபுணர்கள் கொண்ட ஒரு குழுவும் அமைந்தது. மதத்துக்கான ஆவணமோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபட்டு, 1981 நவம்பர் 25 அன்று வெறும் பிரகடனமாக வெளிவந்தது. பிரகடனத்தை நாடுகள் கையெழுத்திட்டு ஏற்க வேண்டியதில்லை. அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவும் இல்லை. மதப்பாகுபாட்டுக்கென ஒரு தனி உடன்படிக்கை இன்றுவரை உருவாகவில்லை. ஆகவே மதம் சார்ந்த முறையீடுகள், 1966-ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் வழியாக, அதைக் கண்காணிக்கும் மனித உரிமைகள் குழுவுக்கோ, ஐ.நா. நியமிக்கும் தனி நிபுணரான மத சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கோ போக வேண்டியிருக்கிறது.

முதலில் பாகுபாட்டின் அடிப்படையை எழுதுங்கள்

நடந்ததை விவரிக்கத் தொடங்குவதற்கு முன், ஒரு தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: எதற்காக இந்த மனிதர் இப்படி நடத்தப்பட்டார்? 1965 உடன்படிக்கையின் முதல் பிரிவு இனம், நிறம், பிறப்புவழி, தேசியப் பூர்வீகம், இனக்குழுப் பூர்வீகம் என்ற ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது. உங்கள் விடை இவற்றுள் ஒன்றில் பொருந்தினால் இனப்பாகுபாட்டுக் குழுவின் கதவு உங்களுக்குரியது.

இந்த ஐந்தில் ‘பிறப்புவழி’ என்ற சொல் நமக்கு நெருக்கமானது. அதை உடன்படிக்கை வரைவில் சேர்க்கும்படி 1965-இல் முன்மொழிந்த நாடு இந்தியாவே. பின்னாளில் அந்தச் சொல் சாதியைக் குறிக்காது என்று இந்திய அரசு வாதிட்டபோது, குழு அதை ஏற்கவில்லை. சாதியும் அதுபோன்ற பிறப்புவழிப் படிநிலைகளும் உடன்படிக்கைக்கு உட்பட்டவையே என்று 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட 29-ஆவது பொதுப் பரிந்துரையில் குழு தெளிவாகச் சொன்னது. 2007-இல் இந்தியாவின் அறிக்கையை ஆய்வு செய்தபோதும் அதே நிலைப்பாட்டை வலியுறுத்தியது. ஆகவே சாதிக் கொடுமையை ஜெனீவாவில் பேச முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பொதுப் பரிந்துரையின் எண்ணை அவரிடம் சொல்லுங்கள்.

குடியுரிமை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஒருவருடைய பூர்வீகமும் அவர் இப்போது வைத்திருக்கும் கடவுச்சீட்டும் வெவ்வேறு. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராகக் கத்தார் தொடுத்த வழக்கில், ‘தேசியப் பூர்வீகம்’ என்ற சொல் தற்போதைய குடியுரிமையைக் குறிக்காது என்று சர்வதேச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் என்பதற்காக ஒருவர் ஒதுக்கப்பட்டார் என்று மட்டும் எழுதினால் முறையீடு பலவீனமாகிவிடும். அதே வேலையிடத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த வெள்ளையர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை ஒப்பிட்டு எழுதினால் நிலைமை மாறும்.

மதம் கலந்திருக்கும்போது என்ன ஆகும் என்பதை டென்மார்க்கிலிருந்து வந்த முறையீடுகள் நன்றாகக் காட்டுகின்றன. சோமாலியர்களைப் பற்றி ஓர் அரசியல் தலைவர் பத்திரிகையில் இழிவாக எழுதியது குறித்த முறையீட்டில், டென்மார்க் அதிகாரிகள் முறையாக விசாரிக்கத் தவறினார்கள் என்று 2006-இல் குழு முடிவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, முஸ்லிம்களைப் பற்றிய இழிவான பேச்சுகள் குறித்து வந்த இரண்டு முறையீடுகளை அதே குழு ஏற்க மறுத்தது. முஸ்லிம்கள் பல இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், மதத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு உடன்படிக்கைக்குள் வராது என்பது அதன் விளக்கம். முறையீடு செய்தவர்களின் வேதனையில் குறைவு ஏதும் இல்லை. தாக்கப்பட்டவர்கள் இன்ன இனக்குழுவினர் என்று அந்தப் பேச்சுகளில் அடையாளம் இல்லாததே முடிவை மாற்றிற்று. எனவே உங்கள் விவகாரத்தில் மதமும் இனமும் பின்னிக் கிடந்தால், தாக்கியவர் பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதி, அவற்றில் இனம், ஊர், மொழி, தோற்றம் பற்றிய குறிப்பு எது என்பதை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் இருப்பதாகக் காட்ட முயல வேண்டாம்; மதத்துக்குரிய கதவுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் நாடு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது?

ஒரு நாடு உடன்படிக்கையில் சேர்ந்திருப்பது ஒன்று. தன் ஆட்சிக்கு உட்பட்டு வாழ்பவர்கள் நேரடியாக முறையிட அனுமதிப்பது வேறொன்று. இனப்பாகுபாட்டு உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருந்தாலும், அதன் 14-ஆவது பிரிவின் கீழ் தனிநபர் முறையீட்டை ஏற்பதாக அறிவித்தவை ஏறத்தாழ 60 மட்டுமே. தமிழர்கள் வாழும் நாடுகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் படம் சற்று விசித்திரமாக இருக்கும்.

இந்தியா 1968-லும் இலங்கை 1982-லும் இனப்பாகுபாட்டு உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. ஆனால் இரண்டுமே தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடவில்லை. சிங்கப்பூர் 2017-இல் சேர்ந்தது. அங்கும் அதே நிலைதான். மலேசியா சேரவே இல்லை. 2018-இல் சேரப்போவதாக அறிவித்த அரசு, மலாய்க்காரர்களுக்கான சிறப்புரிமைகள் பறிபோகும் என்ற அச்சத்தில் எழுந்த எதிர்ப்பினால் பின்வாங்கியது. பின்வாங்கிய பிறகும் டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெரும் பேரணி நடந்தது. பிரிட்டனும் கனடாவும் உடன்படிக்கையில் இருந்தும் 14-ஆவது பிரிவை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, டென்மார்க், சுவிட்சர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வாழ்பவர்கள் நேரடியாக முறையிடலாம்.

மத விவகாரங்களுக்குரிய மனித உரிமைகள் குழுவின் கதவு வேறு விதமாகத் திறந்திருக்கிறது. அங்கே முறையிட, உங்கள் நாடு சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதலாவது விருப்ப நெறிமுறையை, அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் தனியாக ஏற்கும் துணை ஒப்பந்தத்தை, ஏற்றிருக்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, டென்மார்க், தென்னாப்பிரிக்கா ஆகியவை ஏற்றவை. இலங்கையும் 1997-இல் ஏற்றது. இருப்பினும் அந்த ஏற்பு இலங்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே குழு தரும் முடிவை இலங்கை நீதிமன்றத்தில் காட்டிப் பலன் பெறலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தியா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகியவை விருப்ப நெறிமுறையில் இல்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த உடன்படிக்கையிலேயே இல்லை. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இருக்கிறது.

பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளில் வாழ்பவர்களுக்கு மனித உரிமைகள் குழு, ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் ஆகிய இரண்டு கதவுகளும் திறந்திருப்பதால் அங்கே தேர்வுதான் சிக்கல். பிரான்ஸில் ஒரு சீக்கியர், தலைப்பாகையைக் கழற்றாமல் ஓட்டுநர் உரிமத்துக்குப் புகைப்படம் தர அனுமதி கேட்டு ஸ்ட்ராஸ்பூர்க் போனார். 2008-இல் அந்த நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது. அதே மனிதர் கடவுச்சீட்டுப் புகைப்படத்துக்காக ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனபோது, 2013-இல் அவர் பக்கம் முடிவு வந்தது. முகத்திரைத் தடை விஷயத்திலும் இப்படியே நடந்தது: பிரான்ஸின் சட்டத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஏற்றுக்கொள்ள, அதே சட்டத்தால் அபராதம் விதிக்கப்பட்ட இரு பெண்களின் முறையீட்டில் மனித உரிமைகள் குழு 2018-இல் உரிமை மீறல் இருப்பதாகச் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும்; குழுவின் கருத்துக்கு அந்த வலு இல்லை. ஆனால் மத அடையாளம் சார்ந்த விவகாரங்களில் குழு காட்டும் கனிவு கூடுதல். ஒரே விவகாரத்தை இரு இடங்களிலும் ஒருசேரக் கொண்டுபோக முடியாது. ஓரிடத்தில் முடிவான விவகாரத்தை மறு இடத்தில் எடுக்கக்கூடாது என்று சில ஐரோப்பிய நாடுகள் தனி நிபந்தனை விதித்திருப்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் தட்டும் கதவே கடைசிக் கதவாகவும் ஆகிவிடக்கூடும்.

உள்ளூரில் முடிக்க வேண்டிய வேலை

குழுக்களிடம் தனிநபர் முறையீடு செய்வதற்கு முன், உங்கள் நாட்டிலுள்ள நீதிமன்ற வழிகளையெல்லாம் பயன்படுத்தித் தீர்த்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார், அதை ஏற்காவிட்டால் மேலதிகாரியிடம் மனு, வழக்கு, மேல்முறையீடு என்று நாட்டுக்குள் இருக்கும் படிகளில் ஏறி இறங்கியதற்கான தாள்கள் வேண்டும். விசாரணை காரணமின்றி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டால் இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நீதி கிடைக்காது என்ற நம்பிக்கையின்மை மட்டும் காரணமாகாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றத்திலேயே பாகுபாட்டுக் குற்றச்சாட்டை எழுப்பியிருக்க வேண்டும். வேலைநீக்கத்தைப் பணிச் சட்டப்படி மட்டும் எதிர்த்துவிட்டு, ஜெனீவாவில் முதன்முறையாக இனப்பாகுபாடு என்று எழுதினால், உங்கள் அரசு அதையே முதல் மறுப்பாக வைக்கும். ஆகவே அது தேவையில்லை என்று வழக்கறிஞர் சொன்னாலும், முதல் மனுவிலேயே ஒரு பத்தியாவது பாகுபாட்டைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

காலக்கெடுகள் கடுமையானவை. இனப்பாகுபாட்டுக் குழுவுக்கு, உள்நாட்டின் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் முறையீடு போக வேண்டும். மனித உரிமைகள் குழு சற்றுத் தாராளமானது; ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகு வரும் முறையீட்டையே அது தாமதமானதாகக் கருதுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022 பிப்ரவரி முதல் நான்கு மாதங்கள் மட்டுமே தருகிறது. இலங்கையில் அடிப்படை உரிமை மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்பதையும் மறக்கக்கூடாது. இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணையம், நிகழ்ந்து ஓராண்டு கடந்த சம்பவங்களைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை.

சாட்சியங்களைச் சேர்ப்பதில் முதல் நாளின் மதிப்பு பெரிது. நடந்த இடம், நேரம், பேசப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். இணையத்தில் வந்த வெறுப்புப் பதிவாக இருந்தால், ஸ்கிரீன்ஷாட்டில் பதிவின் முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுப்பதற்கு முன்பே அதைச் சேமித்து வையுங்கள். காவல் துறை புகாரை வாங்க மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இத்தகைய முறையீடுகள் பலவற்றில் குழு கேட்கும் கேள்வி, அந்தத் தனிமனிதர் பாகுபாடு காட்டினாரா என்பதைவிட, அரசு அதை விசாரித்ததா என்பதே. அஞ்சலகத்தின் அந்தச் சிறு சீட்டு, அரசு தன் கடமையைச் செய்யவில்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.

முறையீட்டை எழுதும்போது

படிவத்தை ஐ.நா. மனித உரிமைகள் ஆணையர் அலுவலகத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அனுப்ப முடியாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். தமிழிலுள்ள ஆவணங்களின் நகலோடு மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். மூல ஆவணங்களை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். பெயரில்லாத முறையீடு ஏற்கப்படாது. ஆனால் பெயரை வெளியிட வேண்டாம் என்று குழுவிடம் கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவர் எழுதுவதானால் பாதிக்கப்பட்டவர் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். ஒரு சமூகமே பாதிக்கப்பட்டிருந்தால் சங்கமும் முறையிட முடியும்: நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸைப் புகழ்ந்து நார்வேயில் ஒருவர் ஆற்றிய உரை தொடர்பாக ஆஸ்லோ யூதச் சமூகமும் பிறரும் அளித்த முறையீட்டில், 2005-இல் அவர்களுக்குச் சாதகமான முடிவு வந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையின் பெயரில் அந்தப் பேச்சாளரை முன்பே விடுவித்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கதையைக் கால வரிசையில், எண்ணிட்ட பத்திகளாக எழுதுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் எந்த இணைப்பு சான்று என்பதை அந்த இடத்திலேயே குறியுங்கள். எந்த உடன்படிக்கையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதைத் தனியாக எழுதுங்கள். வெறுப்புப் பேச்சுக்கு நான்காவது பிரிவும், உள்நாட்டில் பயனுள்ள நிவாரணம் கிடைக்காததற்கு ஆறாவது பிரிவும் பெரும்பாலும் உங்களுக்குத் தேவைப்படும். நம் சமூகத்தின் நூறாண்டுக் கால வரலாற்றை முன்னுரையாக எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு அந்த வரலாறு இரண்டு பத்திகளில் போதும்.

நேரடிக் கதவு மூடியிருந்தால்

இந்தியாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் இதுவரை படித்துச் சோர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு உரிய வழி சிறப்பு அறிக்கையாளர்கள். இவர்களிடம் எழுத, உங்கள் நாடு எந்த உடன்படிக்கையையும் ஏற்றிருக்க வேண்டியதில்லை. உள்நாட்டு வழக்குகள் முடிந்திருக்கவும் தேவையில்லை. மதம் அல்லது நம்பிக்கைச் சுதந்திரத்துக்கான பொறுப்பு 1986-லும், இனவெறி குறித்த பொறுப்பு 1993-லும் உருவாக்கப்பட்டன. இனவெறி குறித்த அறிக்கையாளராக 2022-இல் நியமிக்கப்பட்ட கே.பி. அஷ்வினி கர்நாடகத்தைச் சேர்ந்த தலித் அறிஞர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியரும் அவரே. சிறுபான்மையினர் விவகாரங்களுக்கும் தனி அறிக்கையாளர் இருக்கிறார். ஒரே கடிதத்தை மூவருக்கும் சேர்த்து அனுப்பலாம். அவர்கள் கூட்டாகவே அரசுக்கு எழுதுவது வழக்கம்.

இணையவழிப் படிவத்தில் நடந்தது என்ன, பாதிக்கப்பட்டவர் யார், பொறுப்பானவர் யார், அரசு இதுவரை என்ன செய்தது என்பவற்றைச் சொல்லி, பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலையும் தெரிவிக்க வேண்டும். அறிக்கையாளர்கள் அரசுக்கு எழுதும் குற்றச்சாட்டுக் கடிதம், பதிலளிக்க 60 நாள் அவகாசம் தந்த பிறகு பொதுவில் வெளியாகும். அதில் பாதிக்கப்பட்டவரின் பெயர் இடம்பெற வேண்டுமா என்பதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊடகச் செய்திகளை மட்டும் நம்பி எழுதப்பட்டதை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. அரசியல் முழக்கங்கள் நிறைந்த கடிதத்துக்கும் அதே கதிதான்.

இதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு இலங்கையின் கட்டாயத் தகன விவகாரத்தைச் சொல்லலாம். கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் அனைத்தையும் எரிக்க வேண்டும் என்று 2020-இல் இலங்கை அரசு விதித்தது. அடக்கம் செய்வதை மதக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்கள் பெரும் துயருக்கு உள்ளானார்கள். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 அன்று மனுக்களை விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது. உள்நாட்டு வழி முடிந்த அந்த நிலையில், 2021 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் கூட்டாக இந்த நடைமுறையை நிறுத்தும்படி பகிரங்கமாகக் கேட்டார்கள். பிப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி தரும் வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வெளியாகி, மார்ச் மாதத்தில் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. நாடுகளின் பிரதிநிதிகள் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் வரவிருந்ததும், முஸ்லிம் நாடுகளின் அழுத்தமும் இதில் சேர்ந்திருந்தன. ஓர் அறிக்கை மட்டும் தனியாக இதைச் சாதித்துவிடவில்லை. சரியான நேரத்தில் பல கைகள் ஒரே கதவைத் தட்டின என்பதே உண்மை.

நிழல் அறிக்கையும் காலமுறை மீளாய்வும்

தனிநபர் விவகாரமாக இல்லாமல் நீண்ட காலமாகத் தொடரும் போக்கைப் பற்றிச் சொல்ல விரும்பினால், அரசின் அறிக்கைக்கு மாற்றாகக் குடிமைச் சமூகம் அளிக்கும் நிழல் அறிக்கை எழுதுவதே ஏற்றது. உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் இனப்பாகுபாட்டுக் குழுவுக்குக் காலமுறை அறிக்கை அளிக்க வேண்டும். அரசின் அறிக்கையில் எல்லாம் நன்றாகவே இருக்கும் என்பதால், குழு உறுப்பினர்கள் குடிமைச் சமூகத்தின் அறிக்கைகளை ஆவலோடு படிக்கிறார்கள். அரசின் அறிக்கையைப் பத்தி பத்தியாக எடுத்து, எந்தப் பத்தியில் சொன்னது களத்தில் நடக்கவில்லை என்று காட்டும் அறிக்கைக்கே மதிப்பு அதிகம். ஒவ்வொரு பிரச்சினைக்கும் கீழே, குழு அரசிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும், சொல்ல வேண்டிய ஒரு பரிந்துரையையும் நீங்களே வரைந்து கொடுங்கள். வேலை மிகுந்த அந்த 18 பேரும் நல்ல வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குவதில்லை.

ஒரு நாட்டின் மனித உரிமை நிலையைப் பிற நாடுகள் ஆராயும், மனித உரிமைகள் பேரவையின் காலமுறை மீளாய்வு ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளுக்கும் உண்டு. ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வரும். ஓர் அமைப்பு தனியாக எழுதினால் 2,815 சொற்கள், பல அமைப்புகள் கூட்டாக எழுதினால் 5,630 சொற்கள் என்ற வரம்பு இருக்கிறது. இந்தியா 2022-லும் இலங்கை 2023-லும் மீளாயப்பட்டன. இங்கே கேள்வி கேட்பவர்கள் பிற நாடுகளின் தூதர்கள் என்பதால், அறிக்கையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் தலைநகரிலுள்ள தூதரகங்களைச் சந்தித்து ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

வெறுப்புப் பேச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வெறுப்புப் பேச்சு என்று முறையிடும் முன், ஐ.நா.வின் முயற்சியில் உருவான 2012-ஆம் ஆண்டின் ரபாத் செயல்திட்டம் சொல்லும் ஆறு அளவுகோல்களைப் பொருத்திப் பாருங்கள்: பேச்சின் சூழல், பேசியவரின் செல்வாக்கு, அவருடைய நோக்கம், சொன்ன விதமும் உள்ளடக்கமும், எவ்வளவு பேரை அது எட்டியது, வன்முறையோ பாகுபாடோ உடனே நிகழும் வாய்ப்பு. இந்த ஆறில் கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மத உணர்வு புண்பட்டது என்பது மட்டும் இந்த அளவைத் தொடாது. சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் பெயரிலேயே இலங்கை 2007-இல் கொண்டுவந்த சட்டம் எப்படிப் பயன்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். 2019-இல் ஒரு சிங்கள எழுத்தாளர், பௌத்த பிக்குகள் வாழ்வைத் தொட்ட சிறுகதைக்காக அந்தச் சட்டத்தில் கைதானார். அதே ஆண்டில் ஒரு முஸ்லிம் பெண், தர்மச்சக்கரம் அச்சிட்ட உடை அணிந்தார் என்று கைதானார். அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்று பின்னர் தெரியவந்தது. சிறுபான்மையினரைக் காக்க வந்த விதி அவர்கள் மேலேயே திரும்பக்கூடும் என்பதால், கேட்கும் நிவாரணத்தை அளந்து கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு

குழுவின் முடிவு வர ஆண்டுகள் ஆகலாம். வந்த பிறகும் அதைச் செயல்படுத்தும் காவலர் எவரும் ஜெனீவாவில் இல்லை. ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகர விளையாட்டரங்கில், ஒரு பழைய ரக்பி வீரரின் பட்டப்பெயரால் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் ஒரு பார்வையாளர் மேடையில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. பழங்குடிச் செயற்பாட்டாளர் ஸ்டீஃபன் ஹேகன் நாட்டின் நீதிமன்றங்களில் தோற்று, இனப்பாகுபாட்டுக் குழுவிடம் போனார். அந்தச் சொல்லை அகற்றும்படி 2003-இல் குழு பரிந்துரைத்தது, அரசு அசையவில்லை. ஹேகன் அந்தப் பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டு ஊடகத்திலும் பொதுக் கூட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். அந்த மேடை 2008-இல்தான் இடிக்கப்பட்டது.

ஆகவே முடிவு கிடைத்த அன்றே அதைத் தமிழிலும் உங்கள் நாட்டு மொழியிலும் மொழிபெயர்த்து, உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். அரசு என்ன செய்தது என்று குழு பின்தொடர்ந்து கேட்கும். அப்போது அரசின் பதிலைப் பற்றி உங்கள் கருத்தையும் எழுதலாம். முறையிட்டதற்காக மிரட்டலோ பழிவாங்கலோ வந்தால் அதையும் உடனே தெரிவியுங்கள். ஐ.நா.வோடு ஒத்துழைத்தவர்கள் மீதான பழிவாங்கல்களைப் பற்றிப் பொதுச் செயலாளர் ஆண்டுதோறும் பேரவைக்கு அறிக்கை அளிக்கிறார். அதில் தன் நாட்டின் பெயர் வருவதை எந்த அரசும் விரும்புவதில்லை.